கெட்ட சீட்டே இல்லாத கட்டு

சில வருஷங்களுக்கு முன், ராத்திரி பத்தே முக்காலுக்கு ஒரு போன். என் தோழி. கல்லூரி நாளிலிருந்து பழக்கம். அந்த இரண்டு மாதமாக அவள் பெயர் போனில் மின்னினாலே எனக்கு வயிற்றைப் பிசையும். அவள் கணவருக்குக் கணையத்தில் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே கல்லீரலுக்குப் பரவிவிட்டிருந்தது.

“தூங்கிட்டியா?”

“இல்லைடீ, சொல்லு. அவர் எப்படி இருக்கார்?”

“இருக்கார். நான் கேட்க வந்தது வேற. எனக்கு ஒரு டாரட் கட்டு வாங்கித் தரியா? கெட்ட சீட்டே இல்லாத கட்டா பார்த்து வாங்கு.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு. அவளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். வங்கியில் அதிகாரி. கணக்கில் புலி. ராகு காலம், எமகண்டம் எதுவும் பார்க்கமாட்டாள். கிளி ஜோசியரைத் தெருவில் பார்த்தால், “பாவம் அந்தக் கிளி” என்று அதற்காகத்தான் பரிதாபப்படுவாள். அப்பேர்ப்பட்டவளுக்கு மகள் விளையாட்டாக ஒரு டாரட் சீட்டுக்கட்டைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தாள். இவளும் விளையாட்டாகவே ஆரம்பித்தாள். தினமும் காலையில், காபி ஆறுவதற்குள் ஒரு சீட்டை உருவுவது. அந்தப் படத்தை இரண்டு நிமிஷம் பார்ப்பது. அவ்வளவுதான். “எதிர்காலம் தெரிஞ்சுக்க இல்லைடீ, என்னையே கொஞ்சம் பார்த்துக்க” என்பாள்.

அன்று காலை அவளுக்கு வந்த சீட்டு, ‘கோபுரம்’. 16-ஆம் எண். கறுப்பு வானத்திலிருந்து மின்னல் இறங்குகிறது. கோபுரத்தின் உச்சியிலிருந்த கிரீடம் கழன்று விழுகிறது. இரண்டு பேர் தலைகீழாக விழுந்துகொண்டிருக்கிறார்கள். சீட்டுகளை அப்படியே அள்ளிப் பெட்டியில் போட்டு, பீரோவில் புடவைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டாள்.

“உனக்குத்தான் இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாதே?” என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

“நம்பிக்கை இல்லாதவளுக்கும் பயம் இருக்கும்” என்றாள்.

உங்களிடம் நான் கேட்க நினைப்பது இதைத்தான். கஷ்ட காலத்தில் ஒரு மனுஷி, நல்லதை மட்டும் சொல்லும் சீட்டுகள் போதும் என்று நினைப்பது தப்பா? அது உண்மைக்கு முதுகைக் காட்டுவதா? இல்லை, வலிக்கிற தலைக்கு ஒரு தலையணை வைத்துக்கொள்வதா? நீங்கள் டாரட் சீட்டைக் கண்ணால்கூடப் பார்த்திராதவராக இருக்கலாம். பரவாயில்லை. இந்தக் கேள்வி சீட்டோடு நிற்கிற கேள்வி இல்லை என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் சீட்டைப் பற்றிக் கொஞ்சம். ஒரு கட்டில் 78 சீட்டுகள். அதில் 56, நாம் ரம்மி ஆடும் சீட்டுகளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள்: கோல், கோப்பை, வாள், காசு என்று நாலு ஜாதி. மீதி 22 படச் சீட்டுகள். மரணம், சாத்தான், கோபுரம் எல்லாம் இந்த 22-ல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

ஏதோ எகிப்திய ரகசியம் என்றெல்லாம் சொல்வார்கள். நம்பாதீர்கள். 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பொழுதுபோக்காக ஆடிய சீட்டாட்டம் இது. எகிப்துக் கதையைக் கிளப்பியவர் கூர் த ஜெபலின் என்ற பிரெஞ்சுக்காரர், 1781-ல். அப்போது எகிப்தியச் சித்திர எழுத்துகளை யாருக்கும் படிக்கவே தெரியாது. அதைப் படிக்கும் வழி 1822-ல்தான் பிடிபட்டது. படிக்கத் தெரியாத மொழியில் இருப்பதாகச் சொல்வதில் ஒரு சௌகரியம். யாரும் மறுக்க முடியாது!

இன்று உலகத்தில் அதிகம் புழங்கும் டாரட் படங்கள் 1909-ல் லண்டனில் வெளியானவை. எழுதிக் கொடுத்தவர் ஆர்தர் எட்வர்ட் வெயிட். வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். பதிப்பாளர் பெயரும் வெயிட் பெயரும் சேர்ந்து ‘ரைடர்–வெயிட்’ கட்டு என்று பல காலம் வழங்கியது. வரைந்தவள் பெயர் பெட்டியில் ஏறுவதற்கு வெகுகாலம் ஆனது. அவர் 1951-ல் இங்கிலாந்தின் பியூட் என்ற கடற்கரை ஊரில் வறுமையில் இறந்துபோனார். உலகமே தன் அதிர்ஷ்டத்தைப் பார்க்க அவர் படத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறது!

சரி, தோழியின் விஷயத்துக்கு வருகிறேன். மறுநாளே தேட ஆரம்பித்தேன். ஆச்சரியம், கெட்ட சீட்டு வேண்டாம் என்று நினைப்பவள் அவள் ஒருத்தி இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கென்றே ஏராளமான கட்டுகள் இருக்கின்றன. பூனைகள் மட்டும் உள்ள கட்டு, பூக்கள் மட்டும் உள்ள கட்டு, தேவதைகள் மட்டும் உள்ள கட்டு. சிலவற்றில் பெயரையே மாற்றிவிடுகிறார்கள். 2012-ல் டோரீன் வர்ச்சுவும் ராட்லி வாலன்டைனும் வெளியிட்ட ‘ஏஞ்சல் டாரட்’டில் மரணத்துக்குப் பெயர் ‘விடுவிப்பு’. சாத்தானுக்கு ‘அகங்காரம்’. இடிந்து விழும் கோபுரத்துக்கு ‘வாழ்க்கை அனுபவம்’.

நான் வாங்கியது இன்னொன்று. பெயர் வேண்டாம். எந்தச் சீட்டை எடுத்தாலும் தோட்டம், வானவில், அணில், சூரியகாந்தி. ஓரத்தில் ஒரு இனிப்பான வாசகம். பெட்டியைத் திறந்து பார்த்தபோது எனக்கே மனசு லேசானது. கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் முகத்தில் பல நாள் கழித்து ஒரு சிரிப்பைப் பார்த்தேன். நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியோடு வீடு திரும்பினேன்.

ஏழு வாரம் கழித்து அவர் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் ஊருக்குக் கிளம்பி, வீடு காலியான ஒரு மத்தியானம் அவள் அந்தப் பெட்டியை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டு, ‘இனிமே ஒண்ணும் செய்றதுக்கில்லை’னு சொன்ன அன்னிக்குக் காலைல எனக்கு வந்த சீட்டு என்ன தெரியுமா? கொண்டாடும் நேரம் வந்துவிட்டது! சூரியகாந்தித் தோட்டம். வீட்டுக்கு வந்து அதைத் திரும்பப் பார்த்தேன். என் வீட்ல என்ன நடக்குதுன்னே இதுக்குத் தெரியலையேன்னு இருந்தது.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

“உன்னைக் குத்தம் சொல்லலைடீ. ஆனா எல்லாருமே அப்படித்தான் இருந்தீங்க. போன் பண்ணினா, ‘எல்லாம் சரியாயிடும்’. நேர்ல வந்தா, ‘தைரியமா இரு’. அத்தனை நாள்ல ‘பயமா இருக்கா?’ன்னு ஒருத்தர்கூட என்னைக் கேட்கலை.”

சம்மட்டி அடி. ஏனென்றால் அவள் சொன்னது கணக்குப்படி சரி. தினமும் போன் செய்தேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. அவள் குரல் தழுதழுக்க ஆரம்பித்தாலே, ‘சேச்சே, அப்படியெல்லாம் நினைக்காதே’ என்று குறுக்கே விழுந்தேன். அவளுக்கு ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அவள் அழுகையைக் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. கெட்ட சீட்டு இல்லாத கட்டு ஒன்றை அவளுக்கு நான் வாங்கிக் கொடுக்கவே தேவையிருக்கவில்லை. நானே அப்படி ஒரு கட்டாகத்தான் இருந்திருக்கிறேன்.

அவள் இன்னும் முடிக்கவில்லை.

“அதைவிடு. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? கடைசிக்கு முந்தின வாரம், ஒரு சாயந்திரம், அவர் கொஞ்சம் தெளிவா இருந்தார். என் கையைப் பிடிச்சுண்டு, ‘எனக்கு அப்புறம் நீ...’ன்னு ஏதோ ஆரம்பிச்சார். ‘அபசகுனமா பேசாதீங்க’ன்னு வாயைப் பொத்திட்டேன். சிரிச்சார். அப்புறம் அதைப் பத்திப் பேசவே இல்லை. என்ன சொல்ல வந்தார்னு இனிமே எனக்குத் தெரியப்போறதே இல்லை.”

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? அன்றுதான் முதல் தடவையாக ஒன்றும் சொல்லாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வாசகர்களே, இங்கே நியாயமான ஒரு ஆட்சேபணை எழும். ‘கெட்டதை நல்ல வார்த்தையில் சொல்வது நம் பண்பாடுதானே?’ என்பீர்கள். ஆமாம். விளக்கை அணை என்று நம் பாட்டிகள் சொன்னதில்லை. குளிர வை என்பார்கள். தானாக அணைந்துவிட்டால், மலையேறிவிட்டது. வெளியே கிளம்புகிறவர் போறேன் என்று சொல்லக்கூடாது, போயிட்டு வரேன். அரிசிப் பானை காலியானால் அரிசி நிறைஞ்சிருக்கு என்கிற வீடுகள் உண்டு. யாரும் செத்துப்போவதில்லை, தவறிவிடுகிறார்கள், காலமாகிவிடுகிறார்கள். நம்மைவிடப் பெரிய ‘ஏஞ்சல் டாரட்’ எங்கே இருக்கிறது?

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். ‘அரிசி நிறைஞ்சிருக்கு’ என்று பாட்டி சொன்னதும் தாத்தா மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புவார்! சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். வார்த்தைதான் மெத்தென்று இருக்கிறது, விஷயம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அது நாகரிகம். அது பிரியம். நானும் என் தோழியும் செய்தது வேறு. வார்த்தையோடு சேர்த்து விஷயத்தையும் ஒளித்து வைத்தோம். பானை காலி என்பதைச் சொல்லவும் இல்லை, யாரையும் கடைக்கு அனுப்பவும் இல்லை.

மெதுவாகச் சொல்வது வேறு, சொல்லாமலே விடுவது வேறு. ஆறுதலுக்கும் ஏமாற்றுக்கும் நடுவில் உள்ள கோடு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்குப் பிறகுதான் அவளுடைய பழைய கட்டை, 1909-ஆம் வருஷத்துப் படங்களை, நான் நிதானமாகப் பார்த்தேன். பயந்துகொண்டே பார்த்தேன் என்பதுதான் நிஜம். பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. பமேலா ஸ்மித் கெட்ட சீட்டு எதையும் ஒளிக்கவில்லை. ஆனால் மூலையில் ஏதாவது ஒன்றை வைத்துவிட்டுத்தான் நகர்ந்திருக்கிறார்.

‘கோப்பை ஐந்து’ என்று ஒரு சீட்டு. கறுப்பு அங்கி போர்த்திய ஒருவர், முன்னால் கவிழ்ந்து கிடக்கும் மூன்று கோப்பைகளைப் பார்த்துத் தலை குனிந்து நிற்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு கோப்பைகள் கவிழாமல் நிற்கின்றன. தூரத்தில் ஒரு பாலம். ‘வாள் பத்து’ இன்னும் மோசம். குப்புற விழுந்தவர் முதுகில் பத்து வாள்கள். மேலே வானம் கறுப்பு. ஆனால் அடிவானத்தில் மஞ்சளாக வெளிச்சம். ‘மரணம்’ சீட்டில் கறுப்புக் கவசம் பூண்ட எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வருகிறது. ராஜா விழுந்து கிடக்கிறார். இளம் பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பக்கத்தில் ஒரு குழந்தை மட்டும் நிமிர்ந்து பார்க்கிறது. ரொம்பத் தூரத்தில், இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன்.

எனக்குப் பிடித்துப்போனது ‘வாள் ஒன்பது’. நடுராத்திரி. படுக்கையில் எழுந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கிறது ஒரு உருவம். அதில் வானவில் இல்லை, அணில் இல்லை. போர்வையில் மட்டும் யாரோ பொறுமையாக ரோஜாப் பூக்களை வரைந்திருக்கிறார்கள். ராத்திரி மூன்று மணிக்குத் தூக்கம் வராமல் உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்கு ஆறுதலாக இருக்கக்கூடிய படம் எது? சூரியகாந்தித் தோட்டமா, இல்லை, ‘இந்த ராத்திரியை எனக்கும் தெரியும்’ என்று சொல்லும் இந்தப் படமா?

இன்னொரு விஷயம். இது ஆதியில் சீட்டாட்டம் என்றேன் இல்லையா? 304 ஆடியவர்களுக்குச் சட்டென்று புரியும். அந்த ஆட்டத்தில் இந்தப் படச் சீட்டுகள்தான் துருப்பு. பெரிய எண் சின்ன எண்ணை வெட்டும். எண் போட்டு அச்சான வழக்கமான வரிசையைப் பாருங்கள். 13 மரணம். 14 நிதானம். 15 சாத்தான். 16 கோபுரம். 17 நட்சத்திரம். அதாவது மரணத்தை நிதானம் வெட்டும். இடிந்து விழும் கோபுரத்தை, இருட்டில் குளக்கரையில் மண்டியிட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் நட்சத்திரப் பெண் வெட்டுவாள். ஆனால் எதிராளி கோபுரத்தைக் கீழே இறக்கினால்தானே வெட்ட முடியும்? கட்டிலிருந்தே அதை எடுத்துவிட்டால், நட்சத்திரத்துக்கு அங்கே வேலையே இல்லை. வெறும் அழகான படம்.

தற்செயலாக, அப்படி ஒரு கட்டு நிஜமாகவே இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் மிலான் பிரபு குடும்பத்துக்காகத் தங்க ரேக் ஒட்டிக் கையால் வரைந்த விஸ்கோன்டி–ஸ்ஃபோர்ஸா சீட்டுகள். இன்று நியூயார்க்கிலும் இத்தாலியின் பெர்கமோவிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. 78-ல் 74தான் மிஞ்சியிருக்கிறது. இல்லாத நாலில் சாத்தானும் கோபுரமும் அடக்கம். தொலைந்தனவா, முதலிலேயே வரையவில்லையா என்று ஆராய்ச்சியாளர்கள் சண்டை போடுகிறார்கள். சாத்தான் இல்லை, கோபுரம் இல்லை. ஆனால் மரணம் மட்டும் பத்திரமாக இருக்கிறது! காலமே பார்த்துக் கழித்துவிட்ட கட்டிலும் அந்த ஒரு சீட்டைக் கழிக்க முடியவில்லை.

அப்படியானால், துக்கத்தில் இருப்பவர்கள் தினமும் எலும்புக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்கிறேனா? இல்லவே இல்லை. அது கொடுமை. ‘நான் உண்மையைத்தான் சொல்வேன்’ என்று நோயாளியின் கட்டில் பக்கத்தில் நின்று புள்ளிவிவரம் படிப்பவர்களை எனக்கும் ஆகாது. ஆபரேஷனுக்கு மயக்க மருந்து வேண்டும்தான். ஆனால் மயக்க மருந்து எதற்கு? ஆபரேஷன் செய்வதற்கு. அதற்குப் பதிலாக அல்ல. ஒரு வாரம் பூப்படம் பார்த்துத் தேற்றிக்கொள்ளத் தோன்றினால் தாராளமாகப் பாருங்கள். அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கப் போகும் தெம்பை அது தருகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தனக்கு வேண்டிய மெத்தையைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு. என் தோழி கேட்டது தப்பே இல்லை. அடுத்தவருக்கு எது தெரியவேண்டும், எது வேண்டாம் என்று நாம் முடிவு செய்யும்போதுதான் சிக்கல். நான் பூப்போட்ட கட்டை வாங்கிக் கொடுத்தது பெரிய குற்றமில்லை. அவளிடம் பேசுவதற்குப் பதிலாக அதைக் கொடுத்தேனே, அங்கேதான் வழுக்கி விழுந்தேன்.

உங்களில் யாராவது கஷ்டமான நேரத்தில் இப்படி ஒரு கட்டு வாங்க நினைத்தால், சூடுபட்டவள் என்ற தகுதியில் ஒரு யோசனை. நட்சத்திரம், சூரியன் எப்படி இருக்கின்றன என்று பார்க்காதீர்கள். அவை எந்தக் கட்டிலும் அழகாகத்தான் இருக்கும். மூன்று சீட்டுகளைத் தேடுங்கள்: மரணம், கோபுரம், வாள் ஒன்பது. அவை இருக்கின்றனவா? இருந்தால், ஓவியர் அவற்றை எப்படி வரைந்திருக்கிறார்? உங்களை மிரட்டுகிறாரா, இல்லை, பக்கத்தில் உட்காருகிறாரா? பூனைப் படமாகவே இருக்கட்டும், தப்பில்லை. அந்தப் பூனை மழையில் நனைந்திருக்கவேண்டிய இடத்தில் நனைந்திருந்தால் போதும். அந்தக் கட்டை நம்பி வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

நண்பர்களைத் தேர்ந்தெடுப்பதற்கும் இதே பரீட்சைதான் என்று நினைக்கிறேன். நல்ல செய்தி சொன்னால் யாரும் கட்டிக்கொள்வார்கள். கெட்ட செய்தி சொல்லும்போது பேச்சை மாற்றாமல் இருப்பவர் யார்?

தோழி அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாள் என்றேனே. “தூக்கிப் போட்டுடாதே. படமெல்லாம் ரொம்ப அழகு. சந்தோஷமா இருக்கறப்போ பார்க்க நல்லா இருக்கும்” என்றாள். பீரோவிலிருந்து பழைய கட்டை எடுத்துவிட்டாள். இப்போதும் காலையில் ஒரு சீட்டு எடுக்கிறாள். கோபுரம் வந்தால் என்ன செய்வாய் என்று ஒரு தடவை கேட்டேன். “உனக்கு போன் பண்ணுவேன்” என்றாள். பண்ணுகிறாள். நானும் இப்போது குறுக்கே பேசுவதில்லை. பேசாமலிருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்வதுதான் சரி. சுலபமாக வரவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எண்பத்திரண்டு வயது அம்மா, ஈஸிசேரில் சாய்ந்தபடி ஆரம்பித்தாள்: “நான் போனப்புறம் அந்தப் பச்சைப் பட்டுப் புடவையை...”

‘அப்படியெல்லாம் பேசாதேம்மா’ என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

“சொல்லும்மா.”

சந்தேகமாக என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சொன்னாள். புடவை யாருக்கு, வெள்ளிக் குத்துவிளக்கு யாருக்கு, எந்த மருமகளிடம் எதைச் சொல்லக்கூடாது, பல வருஷத்துக்கு முன் அப்பாவிடம் கேட்காமல் விட்ட ஒரு மன்னிப்பு... கால் மணி நேரம் பேசினாள். நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை.

முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி, சரி. எழுந்து போய்க் காபி போடு” என்றாள்.